பாடமும் படுக்கையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதா?" என்பது கோடை விடுமுறை முடியும் நாட்களில் நம் கிராமங்களில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. "தங்க இடம் கிடைத்துவிட்டதா?" என்று கேட்பவர் மிகச் சிலரே. முதற் கேள்விக்கு விடை சொல்ல இட ஒதுக்கீடு இருக்கிறது, தரவரிசைப் பட்டியல் இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லத் திருவல்லிக்கேணியின் மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் 'ஆண்கள் தங்கும் விடுதி' என்ற துண்டுச் சீட்டுகளே இருக்கின்றன.

சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் படிக்கும் ஏழை மாணவனுக்குக் கல்வி இலவசம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பேருந்துக்கு இலவசப் பயண அட்டை உண்டு என்பதும் உண்மை. அவற்றுக்கு நாம் நன்றியுடையவர்கள். ஆயினும் எங்களைப் போன்றோர் கல்விக்காகக் கொடுக்கும் பெரும் விலை கல்லூரி அலுவலகத்தில் செலுத்தப்படுவதில்லை. மாதந்தோறும் 5ஆம் தேதி விடுதிக்காரரின் மேசையில் எண்ணி வைக்கப்படுகிறது. அந்த விலையைக் கல்விச் செலவாக எந்தக் கணக்கும் எழுதுவதில்லை. படுக்கையும் பாடத்தின் ஒரு பகுதியே என்பதையும், அதைத் தனியார் சந்தைக்கு விட்டுவிட்டுக் கல்வி இலவசம் என்று சொல்வது அரைக்கணக்கே என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாதக் கணக்கு

இதை எழுதுபவன் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவன். அப்பா கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. அம்மா களையெடுப்புக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் சேர்ந்தவுடன் அரசு மாணவர் விடுதி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். இடங்கள் நிரம்பிவிட்டன என்ற பதில் கைக்கு வருவதற்குள் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வே வந்துவிட்டது. ஆகவே இரண்டாண்டுகளாக நான் தனியார் விடுதிவாசி.

என் ஒரு மாதச் செலவை ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறேன். நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை 4,200 ரூபாய். சாப்பாட்டுக்கு 2,700. மின்சாரத்தில் என் பங்கு 250. கைபேசிக்கு 250. சோப்பு, ரெக்கார்டு நோட்டு, முடிவெட்டு எல்லாம் சேர்த்து 400. ஆக மொத்தம் 7,800 ரூபாய். இதற்கு முன்னால் இரண்டு மாத வாடகையை 'அட்வான்ஸ்' என்று கொடுத்தாயிற்று. அந்தப் பணத்துக்காக வீட்டில் ஓர் ஆட்டை விற்றார்கள்.

வரவு என்ன? வீட்டிலிருந்து 3,000 ரூபாய் வருகிறது. அது எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அரசின் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. மீதி 3,800 ரூபாய்க்குத் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறேன். ஓர் இரவுக்கு 550 ரூபாய், சாப்பாடு அங்கேயே. முகூர்த்த மாதமாக இருந்தால் ஏழு இரவுகளில் 3,850 ரூபாய் கிடைத்துவிடும். 50 ரூபாய் மிச்சமும் உண்டு. ஏழு இரவுகளின் உறக்கத்தை விற்று மற்ற இரவுகளுக்குக் கட்டில் வாங்குகிறேன் என்று சொன்னால் அது கவிதையன்று; கூட்டல் கழித்தல்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. அப்போது சாப்பாட்டில்தான் கை வைக்கவேண்டியிருக்கிறது.

அந்த நேரத்தில் கைகொடுப்பது அம்மா உணவகம். 2013ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அரசியல் கட்சிகள் அதைப்பற்றி எதுவும் பேசட்டும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் தோளில் பையைத் தொங்கவிட்ட இளைஞர்களாக இருப்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். விலைவாசி மிகுந்த இந்த மாநகரில் சோற்றுக்கு ஒரு நியாய விலை வைக்க முடியும் என்று ஓர் அரசு செய்து காட்டியது. சோற்றுக்கு முடிந்தது படுக்கைக்கு ஏன் முடியாது?

1,000 ரூபாய் உதவித்தொகையைப் பற்றியும் ஒரு சொல். மாணவியர்க்கான 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு அவை பெரும் ஊன்றுகோல். வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகும் என் ஊர் நண்பனுக்கு அந்த ஆயிரம் ஒரு மாதத்துப் புத்தகமும் தேநீரும் உடையும் ஆகிறது. சென்னையில் எனக்கு அது ஏழு நாள் கட்டில் வாடகை. தொகை ஒன்றுதான், ஊர் வேறு. தராசு ஒன்றாக இருந்தாலும் தட்டில் ஏற்றும் சுமை வேறுவேறு என்பதைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் முதலாண்டு என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் இருந்தார். ஒளியியல் கணக்குகளை என்னைவிட விரைவாகப் போடுவார். இரண்டாம் பருவத்தின் நடுவில் மூன்று மாத வாடகை நிலுவையாகிப்போக, விடுதியைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்குப் போனார். இப்போது பனியன் கம்பெனி ஒன்றில் பார்சல் கட்டும் வேலை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இடைநின்றவர்' என்று எழுதியிருக்கிறது. ஏன் நின்றார் என்று எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை. அவர் பாடத்தில் தோற்கவில்லை. வாடகையில் தோற்றார்.

120 சதுர அடி

இயற்பியல் மாணவன் என்பதால் எங்கள் அறையை ஒரு நாள் அளந்து பார்த்தேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. ஆக 120 சதுர அடி. இரும்புக் கட்டில் ஒன்று 6 அடிக்கு இரண்டரை அடி. அதாவது 15 சதுர அடி. நான்கு கட்டில்களுக்கு 60 போயிற்று. எஞ்சிய 60 சதுர அடியில் ஒரு பீரோ, நான்கு வாளி, நான்கு பெட்டி, கதவு திறந்து மூட இடம், நான்கு பேரின் கால்கள். மேசைக்கு இடமில்லை, நாற்காலிக்கும் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது என்று படித்திருக்கிறோம். நான்கு பேர் என்றால் 400 வாட். சென்னையின் மே மாத இரவில், சன்னல் ஒன்றே உள்ள அறையில் 400 வாட் வெப்பமூட்டி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு உறங்குவதற்குச் சமம் இது. மின்விசிறி சுற்றுகிறது, அது சூடான காற்றையே சுழற்றுகிறது.

ஒளியின் கதை வேறு. நடுக்கூரையில் ஒற்றை பல்பு. நான்கு மூலைகளில் நான்கு பேர். தொலைவு கூடக்கூட ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற விதியை நான் வகுப்பறையில் கற்றேன். மூலைக் கட்டிலில் படுத்துக்கொண்டு புத்தகத்தைப் பிடிக்கையில்தான் புரிந்துகொண்டேன். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விளக்கு ஒன்றுதானே? அது எரியும், அல்லது அணையும். என் அறைத் தோழர்களில் ஒருவர் இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் இரவுப் பணி முடித்து வருபவர். மற்றொருவர் விடியற்காலை 5 மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு பொருள் விநியோகத்துக்குப் புறப்படுபவர். மூன்றாமவர் அரசுப் பணித் தேர்வுக்கு மூன்றாண்டுகளாக ஆயத்தமாகிறவர். உழைத்துக் களைத்தவர் உறங்கும்போது விளக்கை எரிக்கச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆகவே நானும் தேர்வுக்குப் படிக்கும் அண்ணனும் மாடிப்படியில் அமர்ந்து படிக்கிறோம். கொசு அங்கே மூன்றாவது மாணவன்.

"நூலகத்துக்குப் போகலாமே" என்பார்கள். போகிறோம். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இந்த நகரம் ஏழை மாணவனுக்குத் தந்த இரு செல்வங்கள். என் ஊரில் இருந்திருந்தால் அவற்றைக் கண்ணால் கண்டிருக்கமாட்டேன். ஆனால் நூலகம் இரவில் மூடிவிடும். தேர்வோ அடுத்த நாள் காலையில் வந்து நிற்கும்.

தெருவிளக்குக் கதை

இதையெல்லாம் சொன்னால் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி அய்யர் தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்து உயர்ந்தார் என்ற கதை அது. 'துன்பம் மனிதனைப் புடம்போடும். வசதி கெடுக்கும்' என்பது அதன் கருத்து. அந்தப் பெரியவரின் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்பித்த முறைப்படி ஒன்றைக் கேட்கிறேன். தெருவிளக்கின் கீழ் படித்து நீதிபதி ஆனவரை எண்ணினோம். அதே விளக்கின் கீழ் படித்துக் கண் கெட்டு, உடல் கெட்டு, படிப்பை விட்டு ஊர் திரும்பியவர்களை யார் எண்ணினார்கள்? வென்றவர்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு விதி எழுதினால் எந்த ஆசிரியரும் அந்தச் சோதனைக்கு மதிப்பெண் போடமாட்டார்.

இன்னொரு மறுப்பும் உண்டு. "சொந்த மாவட்டத்திலேயே கல்லூரி இருக்கிறதே, அங்கே படித்தால் என்ன?" என்பது அது. மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரிகள் பெருகியிருப்பது நல்ல செயல், இன்னும் பெருகவேண்டும். ஆனால் விரும்பிய பாடத்தில் இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மாணவன் போகவேண்டியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தில்லிக்கோ வெளிநாட்டுக்கோ போனால் 'மேற்படிப்புக்குப் போயிருக்கிறான்' என்று பெருமையாகச் சொல்கிறோம். கூலிக்காரர் மகன் சென்னைக்கு வந்தால் 'இவனுக்கு எதற்கு இவ்வளவு தூரம்?' என்கிறோம். தூரம் போகும் உரிமை பணத்துக்கு மட்டும் உரியதா?

மாணவியர் நிலை இன்னும் கடினம். "நல்ல விடுதி இருந்தால் அனுப்புகிறேன்" என்பதே பல தந்தையரின் நிபந்தனை. விடுதி கிடைக்காத தோழியர் சிலர் அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் நாள்தோறும் மின்சார ரயிலில் வருகிறார்கள். ஒரு வழிக்கு 60, 70 கிலோமீட்டர். காலை இருட்டில் புறப்பட்டு மாலை இருட்டில் வீடு சேர்கிறவர்களை 'மாலையில் ஆய்வுக்கூடத்தில் இருந்து சோதனையை முடித்துவிட்டுப் போ' என்று எப்படிச் சொல்வது? விடுதி இல்லாமற்போன காரணத்தால் கல்லூரிக்கே வராமல் நின்றுவிட்ட பெண்கள் நம் வகுப்பறையில் இல்லை; ஆகவே அவர்களை நாம் காண்பதில்லை.

சத்திரம் கட்டிய நாடு

கல்வியோடு உணவும் உறைவிடமும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது புதிய கோரிக்கையன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்குச் சோறிட்டதோடு மாணவர்க்குக் கல்வியும் அளித்தது. கோலாப்பூரை ஆண்ட சாகு மகராசர் 1901 முதல் பல்வேறு சமூகத்து மாணவர்க்கும் விடுதிகள் அமையத் துணைநின்றார். பள்ளியைத் திறந்துவிட்டால் மட்டும் கிராமத்துப் பிள்ளை வந்துவிடமாட்டான். அவன் தலைசாய்க்க இடம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1905இல் மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தின் அரவணைப்பில் ஏழை மாணவர்க்கான இல்லம் தொடங்கியது. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1924இல் நிறுவிய அமைப்பு, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு ஒரு விடுதியைத் திறந்தது. கல்விக்காக எழுந்த இயக்கங்கள் பலவும் விடுதியையும் கையோடு கட்டியிருக்கின்றன.

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுசன் கும்பகோணத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அவர் அப்போது பட்டம் பெற்றவர் அல்லர். அந்த 75 ரூபாய் யாருக்கும் கட்டணமாகப் போகவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு குடும்பம் உண்டு உறங்கவும், அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மனிதர் கவலையின்றிக் கணக்குப் போடவும் அது உதவியது. அறிவை வளர்க்க விரும்பிய ஒரு பல்கலைக்கழகம் முதலில் செய்தது, அறிவு குடியிருக்கும் உடலுக்குச் சோறும் கூரையும் உறுதி செய்ததே. நாம் எல்லோரும் ராமானுசன் ஆகிவிடமாட்டோம். ஆனால் நம்மில் எவர் ராமானுசன் என்பது முன்கூட்டித் தெரியாது அல்லவா?

அரசுக்கும் இது தெரியாததன்று. 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தில் விடுதியில் தங்குவோர்க்கு ஒரு விகிதம், வீட்டிலிருந்து வருவோர்க்கு ஒரு விகிதம் என்ற முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. நம் மாநிலத்தில் அரசு விடுதிகளில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவரின் மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கொள்கை இருக்கிறது. பற்றாமல் இருப்பது கட்டில்களின் எண்ணிக்கை.

அறை தந்த பாடம்

தனியார் மலிவு விடுதியின் குறைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். திருவல்லிக்கேணி 'மேன்சன்'கள் வெளியூர் இளைஞர்களுக்குத் தாய்வீடு போன்றவை. திரைப்படக் கனவோடு வந்தவர், வேலை தேடி வந்தவர், தேர்வு எழுத வந்தவர், கம்பெனி விற்பனையாளர் என்று எத்தனையோ தலைமுறைகள் அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கியிருக்கின்றன. இந்த நகரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் ஊரைக் கேட்பார்கள், உணவைக் கேட்பார்கள், சுற்றிவளைத்துச் சாதியைக் கேட்பார்கள். மேன்சன் மேலாளர் கேட்பது இரண்டே: அடையாள அட்டை, அட்வான்ஸ்.

என் அறையில் நான்கு மாவட்டத்தார் இருக்கிறோம். ஒரே குழாயில் பிடித்த தண்ணீரைக் குடிக்கிறோம். ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவரும் முறுக்கை நால்வரும் பங்கிடுகிறோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அச்சக அண்ணன் இரவு முழுதும் விழித்திருந்து கஞ்சி வாங்கிவந்து கொடுத்தார். அவர் என்ன சாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் ஊரில் ஒருவரை இரண்டாண்டு அறிந்திருந்து அதை அறியாமல் இருப்பது நடக்கக்கூடிய செயலா? பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடத்தை அந்த 120 சதுர அடி எனக்குக் கற்பித்தது.

2025 ஜூலையில் தமிழக அரசின் மாணவர் விடுதிகள் யாவும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் பெற்றன. நல்ல பெயர். தனித்தனித் துறைகளின் கீழ்த் தனித்தனி விடுதிகள் தொடங்கப்பட்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. யாருக்கும் கதவு அடைபடக்கூடாது என்பதே அது. அந்தப் பாதுகாப்பு துளியும் குறையாமல், அடுத்த படியாக எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கலந்து தங்கும் நாளும் வரவேண்டும். மேன்சன் மேலாளர் பிழைப்புக்காகச் செய்வதை, சமூகநீதிக்காக அரசும் கல்லூரியும் செய்யலாம்.

குடியிருப்போர் உரிமை

மலிவு விடுதியில் தங்குவோரின் பெருங்குறை, கேட்க ஆளில்லாமைதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து சென்னையின் தாகம் தீர்த்தார்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது மேன்சன்கள் காலியாயின. தங்கியிருந்தோர் ஊர் திரும்பினர். நகரத்துக்கு இடர் வரும்போதெல்லாம் முதலில் மூட்டை கட்டுகிறவன் விடுதிவாசி. அவனிடம் ஒப்பந்தம் இல்லை, பெரும்பாலும் ரசீதும் இல்லை. 'நாளை காலி செய்' என்றால் காலி செய்யவேண்டியதுதான்.

சட்டம் இந்தப் பக்கம் மெல்லத் திரும்பியிருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், மாணவியரும் பணிபுரியும் மகளிரும் தங்கும் விடுதிகள் குடியிருப்புகளே. அவற்றின் வாடகைக்குச் சரக்கு சேவை வரி விதிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் சரக்கு சேவை வரி மன்றம், தொடர்ந்து 90 நாட்களேனும் தங்குவோர்க்கு, ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரையுள்ள விடுதி வாடகைக்கு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. இவற்றின் உட்பொருள் ஒன்றே: விடுதி என்பது ஒருவர் வாழும் வீடு. வீடு என்று ஒப்புக்கொண்டபின், அதில் வாழ்பவருக்குக் குடியிருப்போர் உரிமையும் உண்டு என்று ஒப்புக்கொள்ளவேண்டாமா?

செய்யத்தக்கன

குறை சொல்வது எளிது, வழி சொல்லவேண்டும். எனக்குத் தோன்றியவை ஐந்து.

முதலாவது, கல்லூரிச் சேர்க்கையும் விடுதிச் சேர்க்கையும் ஒரே நாளில், ஒரே விண்ணப்பத்தில் முடியவேண்டும். இடம் உண்டு அல்லது இல்லை என்ற விடை அன்றே கிடைத்தால், இல்லாதவன் வேறு வழி தேடிக்கொள்வான். இரண்டு மாதம் காக்கவைப்பது 'இல்லை' என்பதைவிடக் கொடியது.

இரண்டாவது, அரசு விடுதியில் இடம் கிடைக்காத வெளிமாவட்ட மாணவர்க்கு, ஊரின் விலைவாசிக்கு ஏற்ற தங்குமிடப் படி வழங்கவேண்டும். அரசு ஊழியர்க்கு ஊருக்கு ஏற்ப வீட்டு வாடகைப் படி இருக்கும்போது மாணவர்க்கு இருப்பதில் தவறென்ன?

மூன்றாவது, பணிபுரியும் மகளிர்க்கு அரசு கட்டியிருக்கும் 'தோழி' விடுதிகளைப்போல, மிதமான வாடகையில் மாணவ மாணவியர்க்கும் விடுதிகள் எழவேண்டும்.

நான்காவது, ஆண்கள் தங்கும் தனியார் விடுதிகளையும் பதிவு செய்து, வாடகை, அறைக்கு எத்தனை பேர், குடிநீர், கழிப்பறை, தீ விபத்து வழி ஆகியவற்றை வாயிலில் எழுதி வைக்கச் செய்யவேண்டும். வாங்கும் பணத்துக்கு ரசீது கட்டாயமாகவேண்டும்.

ஐந்தாவது, கட்டடம் எழுப்பப் பணமும் காலமும் வேண்டும். ஆனால் ஒரு கதவைத் திறந்துவைக்கச் சாவி போதும். தேர்வுக் காலத்தில் கல்லூரியின் ஒரே ஒரு வகுப்பறையை இரவு 10 மணிவரை திறந்துவைத்து நான்கு விளக்குகளை எரியவிட்டால், மாடிப்படியில் படிக்கும் நாற்பது பேருக்கு அது பெரும் வரம். பேராசிரியப் பெருமக்கள் இதை அருள்கூர்ந்து கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! அரசும் கல்லூரியும் செய்யும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் ஒரு வாரம் அலைந்தால், கல்லூரியைச் சுற்றியுள்ள விடுதிகளைப் பற்றிய பதிவேடு ஒன்றை ஆயத்தம் செய்துவிடலாம். எந்தத் தெரு, என்ன வாடகை, தண்ணீர் எப்படி, மேசை உண்டா, அட்வான்ஸைத் திருப்பித் தருகிறார்களா என்று அங்கே தங்கியவர்களே எழுதட்டும். அடுத்த ஆண்டு தகரப் பெட்டியும் சான்றிதழ் உறையுமாக இந்த நகரில் வந்து இறங்கும் தம்பி தங்கையர், மின்கம்பத்துச் சீட்டை நம்பித் தெருத்தெருவாக அலையாமல், அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்து அன்றிரவே ஓரிடத்தில் நிம்மதியாகத் தலைசாய்க்கட்டும். அந்தப் பதிவேட்டுக்கு முதல் பக்கத்தை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டாம் பக்கத்தை எழுத முன்வருபவர் யார்?